இருநூற்றைம்பது கிராம்

"ரெண்டு டம்ளர், தலை தட்டி" என்றாள் மாலா.

"டம்ளர் எல்லாம் ஒரு அளவா?" என்றான் கலைவாணன்.

அவள் வெண்ணெயையும் சர்க்கரையையும் அடித்து வைத்துவிட்டு மைதாவை அள்ளிக்கொண்டிருந்தாள். வெளியிலிருந்து அவளுக்கு வந்த முதல் கேக் ஆர்டர். கலைவாணனோடு வேலை செய்யும் இளம்பரிதியின் மகளுக்கு மாலையில் பிறந்தநாள். நன்றாக வந்தால் கம்பெனியில் இன்னும் பலர் கேட்பார்கள். வாசலில் தன் பெயரில் ஒரு போர்டு மாட்டுவது வரை மாலா யோசித்திருந்தாள்.

கலைவாணன் சேதராப்பட்டில் தராசு செய்யும் கம்பெனியில் தர ஆய்வாளன். இந்தத் தீபாவளிக்குக் கம்பெனி கொடுத்த டிஜிட்டல் தராசை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்தான். இந்தக் கேக்குக்கு இருநூற்றைம்பது கிராம் மைதா என்றது யூடியூப். மாலாவின் இரண்டு டம்ளர் மாவு தராசில் இருநூறு காட்டியது.

"பாத்தியா? இவ்ளோ நாளா அம்பது கிராம் கம்மியாப் போட்டுனு இருந்திருக்க."

"நல்லாத்தானங்க வந்துச்சு."

"தற்செயலா வந்திருக்கும்."

ஏழு வருடமாக வந்த தற்செயல். மாலா டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

தராசு இருநூற்றைம்பது காட்டும் வரை அவன் மாவைக் கொட்டினான். கேக் செங்கல்லாக வெளியே வந்தது.

மாவைச் சலிக்காததுதான் காரணம் என்றான். சலித்த மாவு டம்ளரில் பொங்கி ஏமாற்றும், தராசை ஏமாற்ற முடியாது என்று விளக்கினான். மாலா மறுபடி வெண்ணெய் அடித்தாள். அவன் சலித்தான், எடை போட்டான். இந்த முறை வந்தது சலித்த செங்கல்.

டப்பாவில் மாவு தீர்ந்தது. காலையில் தணிகாசலம் கடையில் கட்டி வாங்கிய ஒரு கிலோ மைதா பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. இந்த ஒரு தடவை டம்ளரில் போடட்டுமா என்று மாலா கேட்டாள். அவன் பொட்டலத்தைத் தராசில் வைத்தான். எண்ணூறு.

பொட்டலத்தோடு கடைக்குப் போனான்.

தணிகாசலம் எல்லார் முன்னாலும் அதைத் தன் தராசில் வைத்துக் காட்டினார். சரியாக ஒரு கிலோ. அப்படியானால் கடைத் தராசே திருட்டுத் தராசு என்றான் கலைவாணன். எண்ணெய் வாங்க நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தராசப் பத்தி எனக்குச் சொல்லாதீங்க. சரியில்லன்னு போன மாசம் ஒரு லாட் தராசையே ரிஜெக்ட் பண்ணேன். அதுல ஒண்ணு கூட எந்தக் கடைக்கும் போகல."

தணிகாசலம் பொட்டலத்தை உள்ளே தள்ளிவிட்டு, கல்லாவிலிருந்து காசை எடுத்து நீட்டினார்.

"இனிமே உன் வீட்டுக்கு உப்பு கூடக் கட்ட மாட்டேன் தம்பி. கெளம்பு."

வெறுங்கையோடு வந்தவனைப் பார்த்ததும் மாலா கிரீமை எடுத்தாள். இரண்டாவது செங்கல்லின் மேல் கிரீம் பூசினாள். வேறு வழியில்லை.

ஐந்து மணிக்கு இளம்பரிதி வந்தான். பெட்டியைத் தூக்கியவன் இன்னொரு கையையும் கொடுத்துத் தாங்கினான்.

"கனமா இருக்கே அண்ணி."

"கிராம் கணக்கா எடை போட்டது" என்று கலைவாணன் தராசைக் காட்டினான்.

இளம்பரிதி தராசைப் பார்த்தான். பெட்டியை மெதுவாக மேசைமேல் வைத்தான்.

"இதுலயா எடை போட்டீங்க? நான்தானண்ணே பேக் பண்ணேன். போன மாசம் நீங்க ரிஜெக்ட் பண்ண லாட்டைத்தான் நமக்கெல்லாம் தீபாவளிக்குக் குடுத்தாங்க."