இருண்ட பொருளுக்கு நோட்டீஸ் அனுப்ப இயலாது

கல்வராயன் மலையடிவாரத்தில் நில மறு அளவை என்னும் மகத்தான திருப்பணி இனிதே நிறைவுற்ற மறுநாள், விஜயலட்சுமியின் கிணறு பாதி அவருடைய நிலத்தைவிட்டு வெளியேறியிருந்தது. கிணறு நடக்கவில்லை. பக்கத்திலிருந்த எல்லைக்கல்தான் ஒரு எட்டு உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. பாதிக் கிணற்றுக்கு மின் இணைப்பு கிடையாது என்று ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார்கள். கரும்பு காயத் தொடங்கியது.

செய்தி கேட்டு ரயிலேறி வந்தாள் மகள் சுபஸ்ரீ. அவளுக்கு வானியல் ஆராய்ச்சி. எங்கோ இருக்கிற விண்மீன் மண்டலங்களின் ஒளி நம்மிடம் வரும் வழியில், கண்ணுக்குத் தெரியாத இருண்ட பொருளின் ஈர்ப்பால் துளி வளைகிறது. ஒரே ஒரு மண்டலத்தைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. அது பிறவியிலேயே கோணலாக இருக்கலாம். லட்சக்கணக்கில் எடுத்துச் சராசரி போட்டால் பிறவிக் கோணல்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுகிற வளைவு, இருண்ட பொருள் எங்கே எவ்வளவு குவிந்திருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். அந்தக் குவியலுக்கு ஒத்துவராத பிரபஞ்ச மாதிரிகளை எல்லாம் அடித்துத் தள்ளுவது அவள் வேலை. இதை ஒருமுறை அம்மாவிடம் விளக்கியபோது, முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, அங்க சோறு நல்லாருக்கா?" என்றார்.

சர்வேயர் சுப்புராயனிடம் போனார்கள். ஒரு எட்டெல்லாம் பிழை வரம்புக்குள் வரும் என்றார் அவர். பக்கத்து நிலத்து இருசப்பனுக்கும் அதே பதில். அவருக்குப் பக்கத்து மாயவனுக்கும் அதே.

சுபஸ்ரீ மலைப்பாதையில் ஏறி நின்று கீழே பார்த்தாள். வரப்பு ஒவ்வொன்றும் லேசாக, மிக லேசாக, வளைந்திருந்தது. எல்லா வளைவும் சேர்ந்து நடுவிலிருந்த ஒரு காலி இடத்தைச் சுற்றி மாலை போட்டிருந்தது. ஆவணப்படி அந்த இடம் யாருடையதும் இல்லை. யாருடையது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே யாருக்கும் தெரியாது.

கல் கல்லாக அளந்து சராசரி போட்டாள். மனுவோடு தாசில்தார் தெய்வசிகாமணி முன்னால் போய் நின்றாள்.

ஐயா அண்மையில்தான் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்வந்திருந்தார். அன்று முதல் அவர் வாயில் டேட்டா தவிர வேறொன்றும் வருவதில்லை. டீ ஆறிப்போனாலும் டேட்டா கேட்பார். ஆகவே சுபஸ்ரீயை உட்காரவைத்தார்.

"மூணு மாதிரி எடுத்துக்கினேன் சார். ஒண்ணு, நடுவுல யாருமே இல்ல. ரெண்டு, குட்டிக் குட்டியா நாலஞ்சு பேர். மூணு, ஒரே பெரிய கனம். அளந்த வளைவு மூணாவதுக்குத்தான் பொருந்துது. மத்த ரெண்டையும் அடிச்சிட்டேன்."

"பிரமாதம்மா. இதே முறையிலதான் வானத்தையும் பாக்கறீங்களா?"

"ஆமா சார்."

"வானத்துல அந்த மண்டலம் நெஜமாவே வளைஞ்சிடுதா?"

"இல்ல சார். அது இருந்தபடியேதான் இருக்கு. வர்ற வழியில ஒளிதான் வளையுது."

தாசில்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். முகத்தில் ஞானம் பரவியது.

"அப்ப வரப்பும் நேராத்தான் இருக்கு. நீங்க பாக்கறது வளைஞ்சிருக்கு."

"சார், நான் டேப் வெச்சி அளந்தேன்."

"டேப்பும் வளைஞ்சிருக்கும்மா. சரி, நடுவுல இருக்கற கனத்த யாராச்சும் பாத்தீங்களா?"

"பாக்க முடியாது சார். வளைவ வெச்சித்தான் தெரியும்."

"அதான் இருண்ட பொருள். அதுக்கு எந்த விலாசத்துக்கு நோட்டீஸ் அனுப்பச் சொல்றீங்க?"

மாலைக்குள் ஆணை வந்தது. 'மேற்படி வளைவானது பிரபஞ்சத்தின் இயல்பான தோற்றப்பிழை என்பது மனுதாரரின் சொந்த ஆய்வினாலேயே ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டுள்ளபடியாலும், இருண்ட பொருள் இவ்வட்டத்தில் வசிப்பதாகச் சான்று ஏதும் இல்லாதபடியாலும், மனு முடித்துவைக்கப்படுகிறது.'

சுபஸ்ரீ அதைப் படித்துக்காட்டிவிட்டு, மேல்முறையீடு செய்யலாம், கற்கள் இப்படியே இருக்கிறவரைக்கும் கணக்கை யாராலும் மறைக்க முடியாது என்றாள். விஜயலட்சுமிக்குக் காதில் விழுந்தது ஒன்றுதான்.

"கல்லு நவுந்தா அது இயற்கைன்னு சர்க்காரே எழுதிக் குடுத்துட்டான் இல்ல?"

பட்டப்பகலில் கடப்பாரையோடு போனார். கல்லைப் பிடுங்கிக் கிணற்றுக்கு அந்தாண்டை நட்டார். காலி இடத்துக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. இல்லாதவர் எப்படிச் சொல்வார்? கை சூடாயிருந்ததால் இருசப்பன் பக்கத்துக் கல்லையும் இரண்டு எட்டு தள்ளிவைத்தார். இருசப்பன் மாயவன் பக்கம் தள்ளினார். மாயவன் கோயில் நிலத்தையே கொஞ்சம் வளைத்தார். ஒரு வாரத்தில் ஊர் வரப்புகள் ஆளுக்கொரு திசையில் கோணிக்கொண்டு நின்றன.

பதறிப்போன சுபஸ்ரீ எல்லாவற்றையும் மறுபடி அளந்தாள். வடக்கே சாய்ந்ததைத் தெற்கே சாய்ந்தது தின்றுவிட்டது. சராசரி சுழியம். நடுவிலிருந்த பெரிய கனம், கணக்கிலிருந்தும் காணாமல் போயிற்று. ஆக்கிரமிப்பே இல்லாத வட்டம் என்று அவளுடைய அந்த டேட்டாவோடு நிரூபித்ததற்காகத் தாசில்தாருக்குச் சால்வை போர்த்தினார்கள்.

முழுக் கிணற்றுக்கு மின்சாரம் வந்தது. மோட்டார் ஓடியது, கரும்பு குளிர்ந்தது. சுபஸ்ரீ வாய்க்காலில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது இருசப்பன் வந்து நின்றார். தன் போர்வெல் இப்போது அவளுடைய அம்மாவின் நிலத்தில் இருக்கிறது என்றார்.

"நீ படிச்ச புள்ள பாப்பா. அந்த வானத்துக் கணக்க எனக்கும் ஒரு வாட்டி போட்டுச் சொல்லேன்."

சுபஸ்ரீ தண்ணீரைப் பார்த்தாள். கரும்பைப் பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"போட்டுட்டேன் மாமா. சராசரியில யாருக்கும் ஒண்ணும் போவலியே."