முதலாமாளின் கியூ

இலங்கைத் தீவில் எந்த மூலையில் கியூ உருவானாலும் அதன் தலைப்பில் ஒரே மனிதர்தான் நிற்பார் என்று கோயிலில் வைத்துச் சத்தியம் செய்யவும் நான் தயார். சுன்னாகத்தில் அவருக்கு முதலாமாள் என்று பெயர். சொந்தப் பெயர் என்னவென்று அவரைப் பெற்றவர்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

வங்கி திறக்க முன்னரே வாசலில் நிற்பார். அன்னதானத்துக்கு அடுப்பு மூட்டும்போதே சம்மணம் கட்டி இருந்துவிடுவார். ஒருமுறை விடியற்காலையில் ஏதோவொரு கட்டடத்தின் பூட்டிய கதவடியில் போய் நின்றார். பின்னால் பெண்கள் சேரச் சேரத்தான் அது கர்ப்பிணித் தாய்மாரின் கிளினிக் என்று தெரிந்ததாம். அதற்காக இடத்தை விட முடியுமா? தாதி ஏசிய ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு, கடைசியில் ஒரு சத்துமாப் பைக்கற்றோடுதான் வெளியே வந்தார்.

நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் பொருளாதாரத் தடையையும் எரிபொருள் நெருக்கடியையும் கண்ட சனம் நாங்கள். ஒருவர் எண்ணெய்க் கலனோடு நிற்கக் கண்டால் எதற்கென்று கேளாமல் பின்னால் போய் நிற்பது எங்களுக்கு இரத்தத்தில் ஊறிய பழக்கம். நிற்பவர் முதலாமாள் என்றால் சொல்லவே வேண்டாம்.

அண்மையில் எங்கோ தூரத்துக் கடலில் கப்பல்களுக்கு வழி தடைப்பட்டுவிட்டது, சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும் என்று செய்தி வந்தது. கப்பல்தான் சுற்றியது, விலை நேரே வந்துவிட்டது. விடிந்ததும் சந்திக் கடையில் தேத்தண்ணீருக்கு விலை கூடியிருந்தது. இந்தப் பால்மா டின் போன மாதமே வந்துவிட்டதே என்று கேட்டேன். அடுத்த டின்னைப் புது விலைக்குத்தானே வாங்க வேண்டும் என்றார் கடைக்காரர். சலூன்காரரும் ஏற்றிவிட்டார். கத்தரிக்கோலும் கப்பலிலா வருகிறது என்றேன். கத்தரிக்கோல் இங்கேதான் இருக்கிறது, அதைப் பிடிக்கிறவன் தேத்தண்ணீர் குடிக்க வேண்டாமா என்று கேட்டார். கடலையே கண்டிராத நீர்வேலி வாழைப்பழம்கூட லொறிக்கு அடிக்கும் டீசலைச் சாட்டித் தானும் ஏறிக்கொண்டது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். என் கவலை வேறு. கந்தோர் உத்தியோகம் போக எனக்கு இரண்டு பரப்புக் காணியில் வெங்காயம் இருந்தது. அந்த வெங்காயத்தை நம்பித்தான் மகள் கம்பசுக்குப் படிக்கப் போக உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தாள். கிழங்கு பிடிக்கிற நேரம். இறைப்பு மிசினுக்கு மண்ணெண்ணெய் இல்லை. தண்ணீர் பாய்ச்ச வேண்டிய முறை தவறிவிட்டது, வெங்காயத் தாள் நுனி மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. செம்பாட்டு மண் கருணை காட்டாது.

கலனையும் கொண்டு பெற்றோல் செட்டுக்கு ஓடினேன். எனக்கு முன்னால் சுன்னாகமே நின்றது. தலைப்பில், நீலக் கலனைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, முதலாமாள்.

கியூவைக் கண்ட மனேஜர் வெலவெலத்துப் போனார். இருக்கிற மண்ணெண்ணெய் வழக்கமாக வருகிற தோட்டக்காரருக்குப் போதும், நாளைக்கு எண்ணெய் ஏற்றிய பவுசரும் வந்துவிடும், ஆனால் இத்தனை கலனுக்கு எங்கே போவது, அடிபிடி வந்தால் யார் பொறுப்பு என்று சொல்லி பம்பையே பூட்டிவிட்டார். சனம் கலைந்தால்தான் திறப்பாராம். பம்ப் பூட்டியதைக் கண்டதும், உண்மையிலேயே தட்டுப்பாடு வந்துவிட்டது என்று இன்னும் சனம் வந்தது. வெயில் ஏறியது. இரண்டு பேர் சேர்ட்டைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் கல்லை எடுத்தார்.

மனேஜர் முதலாமாளிடம் வந்து கெஞ்சினார். நீங்கள் போனால் கியூ போய்விடும் என்றார். தானே முதல் வந்தவர், தான் ஏன் போக வேண்டும் என்று இவர் கேட்டார்.

நான் பக்கத்தில் போனேன். வெட்கத்தைப் பார்க்கிற நேரமில்லை.

"அண்ணை, இண்டைக்கும் தண்ணி விடாட்டில் என்ரை வெங்காயம் முடிஞ்சுது. பிள்ளையின்ரை படிப்பும் அதோடைதான்."

அவர் என் கலனைப் பார்த்தார். "எத்தினை பரப்பு?"

"ரெண்டு."

"நான் போனாலும் உவங்கள் வீட்டை போகமாட்டாங்கள், தம்பி. எனக்குப் பின்னாலைதான் வருவாங்கள்." கலனைத் தூக்கினார். "வரட்டும்."

வெறும் கலனைச் சைக்கிள் கரியரில் கட்டினார். ஏறி வடக்குப் பக்கமாக மிதித்தார். முதலாமாள் வேறு செட்டைக் கண்டுபிடித்துவிட்டார் என்று யாரோ சொன்னதுதான் தாமதம், கியூ அப்படியே திரும்பிக்கொண்டது. மோட்டார் சைக்கிள், ஓட்டோ, லாண்ட்மாஸ்டர் உழவு மிசின் எல்லாம் அவருக்குப் பின்னால், அவர் மிதிக்கிற வேகத்தில். சேர்ட்டைப் பிடித்திருந்த இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் போனார்கள். மனேஜர் பம்பைத் திறந்தார். எனக்கும் மிஞ்சி நின்ற தோட்டக்காரருக்கும் எண்ணெய் கிடைத்தது. அன்று பின்னேரம் வாய்க்காலில் தண்ணீர் ஓடியபோது நான் அழுதுவிட்டேன், மறைப்பானேன்?

மிச்சக் கதையைப் பின்னால் போன சலூன்காரர்தான் சொன்னார். முதலாமாள் நேரே கீரிமலைக்குப் போய், சைக்கிளை மதிலில் சாத்திவிட்டுத் தீர்த்தக் கேணியில் குதித்தாராம். கலன்களோடு கரையில் நின்ற சனத்தைப் பார்த்து, "தண்ணி நல்ல குளிர்ச்சி, இறங்குங்கோவன்" என்றாராம். கப்பல் போகாத ஊருக்குப் பெற்றோலை எரித்து வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? ஏசாத ஏச்சில்லை. சலூன்காரர் மட்டும் வந்ததுதான் வந்தோம் என்று ஒரு முழுக்குப் போட்டாராம்.

மறுநாள் பவுசர் வந்தது. மண்ணெண்ணெய் எந்தக் காலத்தையும் போலக் கிடைத்தது. தேத்தண்ணீர் விலை மட்டும் ஏறிய இடத்திலேயே இருந்துவிட்டது. முதலாமாளுக்கு நடந்ததுதான் கொடுமை. அவருக்குப் பின்னால் நிற்க ஆளில்லாமல் போனது. வங்கியிலும் அவரைக் கண்டால் சனம் அடுத்த கவுண்டருக்குப் போனது.

வெங்காயம் கிண்டி, விற்று, மகளையும் கம்பசுக்கு அனுப்பிய பிறகு மறுபடி ஒரு கப்பல் கதை வந்தது. காலையில் கந்தோருக்குப் போகும்போது பார்த்தேன். செட் வாசலில் மனிதர் தனியே நின்றார். திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தார். வீதிதான் இருந்தது. எனக்கு மனது கேட்கவில்லை. சைக்கிளை நிறுத்திவிட்டுப் போய் அவருக்குப் பின்னால் நின்றேன்.

அவர் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டார். பிறகு என் வெறுங்கையைப் பார்த்தார்.

"கலன் கொண்டரேல்லையே, தம்பி?"

மறந்துவிட்டேன் என்றேன்.