கதாநாயகியின் மூக்கு

திங்கட்கிழமை, டைரக்டர் ஹதகேயாமா திரையில் இருந்த கதாநாயகியின் படத்தைப் பார்த்தார். தலையை இடப்பக்கம் சாய்த்தார். பல்லிடுக்கில் ‘ஸ்ஸ்’ என்று காற்றை இழுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

ப்ரோக்ராமர் தொக்கிதாவுக்குச் சேதி புரிந்துவிட்டது. ஒசாகாவில் இருந்த அந்த வீடியோ கேம் கம்பெனியில் எந்த மேலதிகாரியும் ‘நல்லா இல்லை’ என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. தலை சாய்ந்தால் பிடிக்கவில்லை. கூடவே காற்றையும் இழுத்தால் சுத்தமாகப் பிடிக்கவில்லை. இதைப் புரிந்துகொள்ளாதவன் அங்கே குப்பை கொட்ட முடியாது.

மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு அவன் எழுதிய ப்ரோக்ராம் அது. விளையாடுகிறவர் பொத்தானை அழுத்திய நொடியே கணினி படத்தை வரைந்துவிடும். அதுவும் போட்டோ மாதிரி இல்லாமல், யாரோ மை தொட்டுக் கையால் வரைந்த மாதிரி. கேமை வெளியிடப்போகிற நிறுவனத்துக்கு வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் மாதிரிப் படம் போயாக வேண்டும். அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் ப்ரோக்ராம் குப்பைக்குப் போகும், பின்னாலேயே தொக்கிதாவும் போவான்.

கோடு மெல்லிசாக இருப்பது பிடிக்கவில்லையோ என்று பக்கத்து மேஜை ஓவியர் நிஷிமோரி ஒரு சந்தேகத்தைக் கிளப்பினாள். கோட்டைத் தடிமனாக்கினான். கதாநாயகியின் கூந்தல் சோற்றுருண்டையில் சுற்றிய கடற்பாசி போல ஆனது. செவ்வாய்க்கிழமையும் தலை சாய்ந்தது. ‘ஸ்ஸ்’ இன்னும் நீளமாக வந்தது.

மனிதக் கை என்றால் கொஞ்சம் நடுங்குமே என்று கோடுகளை நடுங்கவிட்டான். கோடை வெயிலில் நின்ற அந்தப் பெண் குளிர்காய்ச்சல் கண்டவளாக வெடவெடத்தாள். புதன்கிழமை டைரக்டர் கண்ணையே மூடிக்கொண்டார்.

வியாழக்கிழமை முகத்து நிழலில் கை வைத்தான். மூக்கின் நிழல் உதட்டுக்கு மேல் மீசையாக விழுந்தது. விளக்கை நகர்த்தினான், மீசை தாடியானது. கடைசியில் பொறுமை போய் மூக்கையே எடுத்துவிட்டான்.

“மூக்கில்லாம அவ எப்படி மூச்சு விடுவா?” என்றாள் நிஷிமோரி.

“வேலை போச்சுன்னா நான் எப்படி மூச்சு விடுவேன்? நீ சும்மா இரு.”

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு டைரக்டர் வந்தார். மூக்கில்லாதவளை உற்றுப் பார்த்தார். தலை சாயவில்லை. நட்ட கம்பம் போல நேராக இருந்தது. காற்றும் இழுக்கவில்லை. தொக்கிதாவுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. அவர் மனசு மாறுவதற்குள் அனுப்பும் பொத்தானைத் தட்டிவிட்டு, இடுப்பு வளையக் குனிந்து வணங்கினான்.

“மூக்கு எங்கே?” என்றார் டைரக்டர்.

தேநீருடன் உள்ளே வந்த அலுவலகப் பொறுப்பாளர் புஜினாமி அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. “ஊசி போட்டதும் பேச வந்துடுச்சா சார்? கழுத்து ஒரு பக்கமா பிடிச்சுக்கிட்டு, வாயைத் திறந்தாலே சுளீர்னு வலிக்க, ‘திங்கக்கிழமைப் படம் பிரமாதம், அதையே அனுப்பிடலாம்’னு இவர்கிட்ட சொல்ல முடியாம நாலு நாளா எவ்வளவு தவிச்சீங்க.”