நான்காவது வளையம்

ஒரு தொப்பி வளையத்துக்காகப் புருஷனை விட்டுப் போனாள் என்று மேவிஸைப் பற்றிப் படகுத்துறையில் பேசுகிறவர்களே, முதலில் வாயைக் கழுவிவிட்டு வாருங்கள். முப்பது வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தவள் நான். அவள் விட்டுப் போனது ஒரு மனிதரை அல்ல, ஒரு ரகத்தை.

அந்த ரகத்தை உங்களுக்கும் தெரியும். விருந்து மண்டபத்துக்கு மீன் சுமக்கும்போது முதுகு பிடித்துக்கொள்ளும், அண்டா கழுவும்போது காற்று வாங்கப் போய்விடும், எழுந்து பேசும் நேரம் வந்தால் மட்டும் அதே முதுகு பாய்மரம் போல நிமிர்ந்துகொள்ளும். மேவிஸின் வீட்டுக்காரர் அம்புரோஸ் அதில் முதல் தரம்.

தொப்பியைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்ப்ரூஸ் என்கிற ஊசியிலை மரத்து வேரைத் தோண்டி, தீயில் வாட்டி, தோலுரித்து, நூலாகக் கிழித்து, ஈரம் காயவிடாமல் மேவிஸ் பின்னியது. எங்கள் மழையே அதனிடம் தோற்றுப்போகும். உச்சியில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று வளையம். அழகுக்கா? ஊரைக் கூட்டி, வயிறு நிறையப் போட்டு, கை நிறையக் கொடுத்து, வந்தவர்களைச் சாட்சியாக்கி அனுப்பினால் ஒரு வளையம். மூன்று விருந்தையும் கொடுத்தவர் அம்புரோஸ்தான். மீனைக் காயவைத்தவள் மேவிஸ், பழம் பறித்தவள் மேவிஸ், போர்வை தைத்தவள் மேவிஸ். எடுத்து நீட்டியவர் அவர்.

அந்தத் தொப்பியோடு தபால் வாங்கப் போவார், பல் பிடுங்கப் போவார். குனியத் தேவையே இல்லாத உயர வாசலிலும் குனிந்துதான் நுழைவார். ஏன் குனிகிறீர்கள் என்று யாராவது கேட்க வேண்டுமே! கேட்டால், "பெரிசா ஒண்ணுமில்ல, சும்மா மூணு வளையம்தான்" என்பார்.

போன வசந்தத்தில் கிழவி லவீனியா செத்துப்போனாள். சாவு விருந்து வைத்தவர்கள் அவளுடைய கழுகுக் குலத்தார். அம்புரோஸ் அண்டங்காக்கைக் குலம், வெறும் விருந்தாளி; அன்றைக்கு அவருடைய வேலை சூப்பைக் குடிப்பது. அவரோ எழுந்தார். சூப்பு ஆறும்வரை பேசினார். பேச்சு முடிந்த வேகத்தில், பரிசுக்காக அடுக்கி வைத்திருந்த துண்டுகளில் இரண்டை எடுத்துப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு நீட்டிவிட்டார். அவ்வளவுதான். மறுநாள் காலையில் அந்த விருந்தே அவர் கொடுத்ததாகிவிட்டது! வரும் இலையுதிர் கால விருந்தில் நாலாவது வளையத்தைப் பார்க்கலாம் என்று கடையில் அறிவித்துவிட்டுத்தான் பெண்டாட்டியிடம் சொன்னார்.

மேவிஸ் குரலை உயர்த்தவில்லை. "நான் பின்னினா அது சாட்சி சொல்ற மாதிரி. நடக்காததுக்கு என் கை சாட்சி சொல்லாது" என்றாள்.

"ஊருக்கு என்ன தெரியப்போவுது?"

"ஊரேதான சூப்பு குடிச்சுச்சு."

இந்தக் கரையில் அவள் பின்னிய தொப்பி நாற்பது தலையில் இருக்கிறது. ஒரு வளையம் பொய்யானால் மற்ற வளையங்களை யார் நம்புவார்கள்? அந்த நாற்பது பேரும் எந்த முகத்தோடு விருந்துக்குப் போவார்கள்? அம்புரோஸுக்கு அது புரிந்ததா? ஒரு வாரம் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் அவள் பின்னாலேயே நடந்தார். ஒரு வளையம்தானே, சின்னதாக இருந்தாலும் போதும், யாரும் தொட்டுப் பார்க்கப் போவதில்லை என்று பேரம் பேசினார். எட்டாம் நாள் காலையில் அவரே வேரை எடுத்துத் தண்ணீரில் ஊறப் போட்டார். முப்பது வருஷத்தில் அவர் செய்த முதல் தொப்பி வேலை அது.

அன்றைக்குக் கொட்டுகிற மழை. மேவிஸ் மழைக்கோட்டை மாட்டினாள். ஊறிய வேரைக் காயவிட்டால் ஒடிந்துபோகும், பாவம் அது என்ன செய்தது. வாளியோடு தூக்கிக்கொண்டு வெறுந்தலையோடு வெளியே இறங்கினாள். விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் தங்கச்சி வீடு.

அம்புரோஸ் தொப்பியோடு வாசலுக்கு வந்தார்.

"போறதுதான் போற, அந்த வளையத்த முடிச்சுக் குடுத்துட்டுப் போயேன்."

அவள் திரும்பவில்லை. அவர் தெருவில் ஆள் இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பழக்கம் விடாமல், நன்றாகக் குனிந்து உள்ளே போனார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வாசலிலும் நீங்கள் குனிந்து நுழைகிறவராக இருந்தால் மட்டும், உள்ளே யார் கோட்டை மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள்.