சரிசமமாக ஊதிய நடுவர்

கல்லூரிகளுக்கு இடையிலான கூடைப்பந்துப் போட்டிகளில் நியாயம் நிலைநாட்டப்பட வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. அதை எந்தப் பக்கத்தில் நிலைநாட்டுவது என்பதில்தான் கொஞ்சம் கருத்து வேறுபாடு இருந்தது.

அந்தப் போட்டிகளில் பல வருஷமாக விசில் ஊதி வந்த நடுவர் ஒரு சாதுவான மனிதர். வீட்டில் வாய் திறக்க முடியாத குறையை மைதானத்தில் ஊதித் தீர்த்துக்கொள்கிறார் என்று அவர் மனைவியே சொல்வாள். அந்த மனைவியின் தம்பிதான் மேட்டுக் கல்லூரி அணியின் பயிற்சியாளன். மேட்டுக் கல்லூரிக்குச் சாதகமாக ஊதினால் ஊர் ஏசும். பாதகமாக ஊதினால் ராத்திரிச் சோற்றில் உப்பு இருக்காது. இரண்டுக்கும் நடுவில் நிற்பதால்தான் தனக்கு நடுவர் என்று பெயர் வந்தது என நினைத்து மனசைத் தேற்றிக்கொள்வார்.

அந்த சீசனின் ஆரம்பத்தில் மேட்டுக் கல்லூரியும் ஆற்றுக் கல்லூரியும் மோதின. ஆற்றுக் கல்லூரிப் பையன் ஒருவன் இடித்தான், நடுவர் ஊதினார். கொஞ்ச நேரத்தில் மேட்டுக் கல்லூரிப் பையனும் அதே மாதிரி இடித்தான். அந்த நேரம் பார்த்து இரண்டு முரட்டு முதுகுகள் குறுக்கே வந்ததால் நடுவர் பார்க்கவில்லை. அவ்வளவுதான். இரண்டு கல்லூரிகளும் விளையாட்டு வாரியத்துக்குப் புகார் அனுப்பின. எங்களுக்கு ஊதியதை அவர்களுக்கு ஊதவில்லை என்றது ஒன்று. எங்களுக்கு ஊதாமல் விட்டதை வைத்து எங்களைக் கேவலப்படுத்துகிறார்கள் என்றது இன்னொன்று.

வாரிய இயக்குநர் அப்போதுதான் குடிநீர்த் துறையிலிருந்து மாற்றலாகி வந்திருந்தார். அங்கே எந்தத் தெருவுக்கும் தண்ணீர் வராமல் பார்த்துக்கொண்டு சமத்துவம் காத்தவர் என்று நல்ல பெயர். அவர் நடுவரைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார்.

“ஒரே ஆட்டத்துல ஒரு பக்கம் நிறைய ஃபவுல், இன்னொரு பக்கம் கொஞ்சம் ஃபவுல். இது என்னய்யா நியாயம்?”

“அவங்க நிறைய தப்பு பண்ணாங்க சார். இவங்க கொஞ்சமாத்தான் பண்ணாங்க.”

“அது அவங்க பிரச்சினை. நான் உங்களைக் கேக்கறேன்.”

நடுவர் தலையாட்டினார். ஒன்றும் புரியாதபோது தலையாட்டுவது அவர் வழக்கம். இயக்குநர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

மறுவாரமே ஆணை வந்தது. ஒரு அணிக்கு ஃபவுல் ஊதப்பட்டால், நடுவுநிலைமையைப் பேணும் பொருட்டு, எதிரணியும் தாமதமின்றி அதே தரத்திலான ஒரு ஃபவுலைச் செய்து நடுவருக்கு ஒத்துழைப்பு நல்க வேண்டும். இதற்கு ‘ஈட்டு ஃபவுல்’ என்று பெயர்.

ஆணைக்குப் பின்னாலேயே பயிலரங்கு வந்தது. கன்னத்தில் மைக் ஒட்டிக்கொண்டு, கோட்டுக்குக் கீழே ஓட்டப்பந்தயக் காலணி போட்ட ஒரு ஆலோசகர் மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

“நடுவர்ங்கற சொல்லே அதிகாரத் தொனியா இருக்கு. இனிமே நீங்க எல்லாரும் ஆட்ட நல்லிணக்கத் தோழர்கள். கண்ணை மூடுங்க. உங்க உள் விசிலைக் கேளுங்க.”

எல்லோரும் கண்ணை மூடினார்கள். மூத்த நடுவர் ஒருவர் அப்படியே தூங்கிப்போய்க் குறட்டை விட்டார். “பாத்தீங்களா, இவருக்குக் கேட்டுடுச்சு!” என்று ஆலோசகர் கைதட்டினார். குறட்டைக்குச் சான்றிதழும் கிடைத்தது.

புது விதிப்படி நடந்த முதல் ஆட்டத்தில் கொஞ்சம் குழப்பம் இருந்தது. போகப் போகப் பழகிவிட்டது. ஒவ்வொரு அணியும் ஈட்டு ஃபவுலுக்கென்றே ஒரு பையனைத் தனியாக வைத்துக்கொண்டது. பந்தைத் தொடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பணிவு வேண்டும். ஆட்டம் நிற்கும், அவன் எழுந்து வருவான்.

“அண்ணே, எங்க இடிக்கட்டும்?”

“இடது தோள்ல இடிப்பா. வலது தோள் போன ஆட்டத்துலயே வீங்கிடுச்சு.”

“சரிண்ணே. வலிச்சா சொல்லுங்க.”

இடிப்பான். நடுவர் ஊதுவார். இருவரும் கைகுலுக்குவார்கள். இயக்குநர் பெருமிதத்தோடு மீசையைத் தடவிக்கொள்வார்.

பிறகு உயரப் பிரச்சினை கிளம்பியது. ஆற்றுக் கல்லூரியில் ஏணி என்று ஒரு பையன் இருந்தான். அவன் எக்காமலேயே கூடையைத் தொடுவான். இது அநியாயம் என்று மேட்டுக் கல்லூரி புகார் கொடுத்தது. இயக்குநர் ஏணியை நேரில் வரவழைத்து அண்ணாந்து பார்த்தார்.

“ஏம்பா இவ்வளவு உயரம்?”

“தெரியலை சார். அப்பாவும் இப்படித்தான்.”

“குடும்பமாத்தான் பண்றீங்களா?” என்று வருத்தப்பட்ட இயக்குநர், மனிதாபிமான அடிப்படையில் ஒரு வழி கண்டார். ஆட்டத்தின் முதல் பாதியில் அவன் உயரமாக இருக்கலாம். இரண்டாம் பாதியில் சராசரியாக இருக்க வேண்டும். அதன்படி ஏணி இரண்டாம் பாதி முழுக்க முழங்காலை மடக்கிக்கொண்டு வாத்து மாதிரி ஓடினான்.

இறுதி ஆட்டத்தில் மறுபடியும் அதே இரண்டு கல்லூரிகள். முந்தின நாள் சாயங்காலம் மைத்துனன் வீட்டுக்கு வந்தான். வந்தவன் காபியைத் தொடவில்லை.

“மாமா, இந்தத் தடவை கோப்பை வரலேன்னா எனக்கு வேலை இல்லை. கல்லூரியில சொல்லிட்டாங்க.”

“நான் சரிசமமாத்தான் ஊதுவேன், மச்சான்.”

“அதைத்தான் நானும் கேக்கறேன். எங்க பக்கம் கொஞ்சம் கூடுதலா சரிசமமா ஊதுங்க.”

சமையலறையில் ஒரு பாத்திரம் சத்தமாக வைக்கப்பட்டது. அது மனைவியின் கருத்து.

ஆட்டம் கடைசி வரை சமமாகவே போனது. முடிய சில நொடிகள் இருந்தபோது பந்து ஏணியின் கைக்கு வந்தது. இளரத்தம். தான் சராசரியாக இருக்க வேண்டும் என்பதை மறந்து, முழங்காலை நிமிர்த்தி, கூடையை நோக்கி எழும்பிவிட்டான். மேடையிலிருந்து இயக்குநர் அலறினார்: “உயரமா இருக்கான்! ஊதுங்க! உயரமா இருக்கான்!”

அதே கணம் மேட்டுக் கல்லூரிப் பையன் பின்னாலிருந்து ஏணியின் பனியனைப் பிடித்து இழுத்தான். ஏணி தடாலென்று முகங்குப்புற விழுந்தான். உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

நடுவர் ஊதினார். உயரத்துக்கு அல்ல, இழுத்ததற்கு.

ஆற்றுக் கல்லூரியின் ஈட்டு ஃபவுல் பையன் கடமை தவறாமல் எழுந்து ஓடி வந்தான். “சார், நான் யாரை இழுக்கணும்?”

நடுவர் கீழே கிடந்தவனைப் பார்த்தார். உதட்டைத் துடைத்துக்கொண்டு அவனும், “சீக்கிரம் இழுத்துடுடா, ஆட்டம் முடியணும்” என்றான். நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். இத்தனை நாள் ஊதியதெல்லாம் அதற்குள்ளேயே சிக்கிக்கொண்டது போலிருந்தது.

“யாரையும் இழுக்க வேண்டாம். போய் உக்காருப்பா” என்றார்.

ஏணிக்குத் தடுப்பில்லாத எறிதல் கிடைத்தது. பந்து கூடைக்குள் விழுந்தது. ஆற்றுக் கல்லூரிக்குக் கோப்பை. மைத்துனன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் விசாரணை.

“நேத்து நீங்க ஊதினது சரியா?” என்றார் இயக்குநர்.

“சரிதான் சார்.”

“வீடியோ பாத்தேன். சரியாத்தான் இருக்கு.”

நடுவருக்கு உயிர் வந்தது. “அப்ப நான் போகலாமா சார்?”

“எங்க போறீங்க? அதுதானே குற்றம்! ஆணை வந்ததுலேர்ந்து நீங்க தப்பாவே ஊதினீங்க. ஒருத்தரும் குறை சொல்லலை. கடைசியில ஒரே ஒரு தடவை சரியா ஊதியிருக்கீங்க. அப்ப மத்த ஆட்டத்துல தோத்தவங்களுக்கு இந்தச் சரி கிடைக்கலையே? அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

நடுவர் யோசித்துப் பார்த்தார். பயங்கரம் என்னவென்றால், அது அவருக்கும் நியாயமாகவே பட்டது.

ஒரு சீசன் அவர் விசிலைத் தொடக்கூடாது என்று தீர்ப்பானது. மைத்துனனுக்குக் கல்லூரி இன்னும் ஒரு வருஷம் அவகாசம் கொடுத்தது. சீக்கிரமே இயக்குநரும் போக்குவரத்துத் துறைக்கு மாற்றலானார். எல்லாப் பேருந்துகளும் ஒரே அளவு தாமதமாக வர ஏற்பாடு செய்துகொண்டிருப்பதாகக் கேள்வி. ஈட்டு ஃபவுல் ஒழிந்தது. பழைய விதிகள் திரும்பி வந்தன.

அடுத்த வருஷம் நடுவர் முதல் தடவையாக மனைவியோடு பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தார். ஊதியது ஒரு இளம்பெண். கழுகுக் கண். யார் முதுகும் அவளை மறைக்க முடியவில்லை. பாரபட்சம் மருந்துக்கும் இல்லை. இப்படி ஒருத்திக்குத்தானே இத்தனை நாள் இந்த ஊர் ஏங்கியது என்று நடுவருக்குக் கண் கலங்கியது.

ஆட்டம் முடியும் தறுவாயில் மேட்டுக் கல்லூரிப் பையன் ஒருவன் எதிராளியைத் தெள்ளத் தெளிவாக இடித்துத் தள்ளினான். அவள் ஊதினாள். சரியான ஊதல். நடுவரே ஊதியிருந்தாலும் அதைத்தான் ஊதியிருப்பார். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

கீழே மைத்துனன் முகம் வெளுத்து நின்றான். நடுவர் எழுந்தார். பிறகு நாற்காலி மேல் ஏறினார்.

“ஏம்மா! கண்ணு பொடனியிலயா இருக்கு? அது ஃபவுலா? எவ்வளவு வாங்கினே?”

சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து அவரோடு சேர்ந்து கத்தினார்கள். மனைவி கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்க்காத ஒரு பார்வை பார்த்து, அவர் விழுந்துவிடாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

“இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தாங்க நீங்க நியாயமா பேசறீங்க” என்றாள்.