பூவின் முடி பார்க்கப் போன மாப்பிள்ளைக்கு

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் அண்ணன், செத்த செடிகளோடு குடித்தனம் நடத்துகிறவன் என்று நம் குடும்பத்தில் பெயரெடுத்தவன், எழுதிக்கொள்வது. நீங்களும் தங்கையும் பிள்ளைகளும் தலைவலி, காய்ச்சல் எதுவும் எட்டிப் பார்க்காமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் வீட்டுக்காரியும் சுகம். என் செடிகளும் சுகம். உயிரோடு இல்லாததால் அவற்றுக்கு உடம்புக்கு எதுவும் வருவதில்லை, பூச்சியைத் தவிர.

போனில் நன்றி சொல்லப் பார்த்தேன். நான் ஆரம்பித்ததுமே, "அதெல்லாம் ஒண்ணுமில்ல மச்சான், இங்க ஒரு லிஃப்ட் சத்தம் போடுது, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டீர்கள். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். தயவுசெய்து உட்கார்ந்து படியுங்கள்.

எங்கள் கல்லூரியின் உலர்செடி அறையை நீங்கள் பார்த்ததில்லை. காட்டிலும் மேட்டிலும் பறித்த செடிகளை அழுத்திக் காயவைத்து, தடித்த தாளில் ஒட்டி, எங்கே எப்போது கிடைத்தது என்று எழுதி இரும்பு அலமாரிகளில் அடுக்கி வைத்திருக்கும் அறை அது. எனக்கு முன்னால் இருந்தவர்களுக்கும் முன்னால் இருந்தவர்கள் சேர்த்தவையெல்லாம் அங்கே இருக்கின்றன. அந்த அறைக்கு நிதி கேட்டு வருஷம் தவறாமல் எழுதுகிறேன், பதிலும் வருஷம் தவறாமல் வருகிறது, மிகுந்த மரியாதையோடு, நிதி இல்லாமல். கூரை ஒழுகுகிற இடத்தில் அலமாரிக்குக் குடை பிடித்திருக்கிறோம். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜக் குடைதான், என் ஆராய்ச்சி மாணவி கொண்டுவந்து கட்டியது, பூப்போட்ட குடை, அந்த அறையில் வாடாத பூ அது ஒன்றுதான். நுண்ணோக்கிக்கு இரண்டு கண், அதில் ஒன்றில் பூஞ்சை படிந்துவிட்டது, அதனால் ஒரு கண்ணை மூடிக்கொண்டே பார்த்துப் பார்த்து, பஸ்ஸில் டிக்கெட்டையும் அப்படியே பார்த்துத் தொலைத்தேன், கண்டக்டர் என்ன நினைத்தாரோ, திரும்பக் கண்ணடித்தார். செடி காயவைக்கிற அடுப்பு நின்று போனதும் வீட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன், அதற்குப் பிறகு என் சட்டையைத் தேய்த்தால் ஏதோ ஒரு காட்டுச் செடியின் வாசம் வருகிறது. வண்டு அரிக்காமல் இருக்கச் செடிகளைக் குளிரில் உறைய வைக்க வேண்டும், அதற்கு எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல்தட்டைக் கேட்டபோது வீட்டுக்காரி காலி செய்து கொடுத்தாள். அன்றிலிருந்து ஐஸ்க்ரீம் என்ற சொல்லை மட்டும் என் காதுபட அடிக்கடி சொல்கிறாள்.

இப்படிப்பட்ட நேரத்தில்தான் அந்தச் செடி கிடைத்தது. நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் பெரிய தொட்டிக்குப் பின்னால் ஒரு பாறைச் சரிவு. அங்கே, நாலு வீட்டு முற்றம் அளவுக்கு உள்ள இடத்தில் மட்டும், முழங்காலுக்குக் கீழே வளர்கிற ஒரு செடி, தலை குனிந்த மஞ்சள் பூ, சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. பூவுக்கு அடியில் இருக்கிற பச்சைக் கிண்ணத்தில் முடி. அந்த முடி காம்பைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. இதன் சொந்தக்காரச் செடிகள் எதிலும் நான் அப்படிப் பார்த்ததில்லை. எங்கள் துறைத்தலைவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கெட்டவர் இல்லை, மாப்பிள்ளை, அவருக்கும் மேலே கேட்க ஆள் இருக்கிறார்கள். "இது மருந்துக்கு ஆகுமா?" என்றார். தெரியாது என்றேன். "மாடாவது திங்குமா?" மாடு பார்த்துவிட்டுப் போய்விட்டது என்றேன். "அப்புறம் எந்தத் தலைப்புல நான் பணம் கேக்கறது, நீங்களே சொல்லுங்க" என்றார்.

இதற்கிடையில் அந்தச் சரிவை வெட்டிக் குழாய் பதிக்க அளவுக்கல் நட்டுவிட்டார்கள். ஓடிப்போய்க் குடிநீர் பொறியாளரைப் பார்த்தேன். என் கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார், டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு, "குழாயைக் கொஞ்சம் வளைச்சுக் கொண்டுபோகலாம் சார், முடியாததில்ல. ஆனா பேர் இல்லாத செடிக்கு எப்படி வளைப்பேன்? மேல கேட்டா, 'ஒரு செடி'ன்னா சொல்றது? பேரோட வாங்க, வேலை ஆரம்பிக்கறதுக்குள்ள வாங்க" என்றார். நியாயம்தானே.

பெயர் வைக்க வேண்டுமானால் அது புதுசு என்று நிரூபிக்க வேண்டும். இதற்கு நெருங்கிய சொந்தமான செடியை முதன்முதலில் பறித்தவர் வைத்துவிட்டுப் போன மாதிரிச் செடி, உலகத்திலேயே ஒன்றுதான், உங்கள் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பற்றிய பழைய குறிப்பில் "முடி உண்டு" என்று மட்டும் இருக்கிறது. எந்தப் பக்கம் பார்த்த முடி என்று எழுத அந்த மனிதருக்குக் கை வரவில்லை. படம் எடுத்து அனுப்புங்கள் என்று அருங்காட்சியகத்துக்கு எழுதினேன். அனுப்புகிறோம், ஆனால் அங்கேயும் ஆள் இல்லை, வரிசையில் நில்லுங்கள், அடுத்த வருஷம் ஆகலாம் என்று பதில் வந்தது. அப்போதுதான் வீட்டுக்காரி, "உங்க தங்கச்சி வீட்டுக்காரர் அந்த ஊர்லதானே இருக்கார்? அவருக்குக் கண்ணு இல்லையா?" என்று கேட்டாள். லிஃப்ட் மெக்கானிக்கைப் போய்ப் பூவின் முடியைப் பார்க்கச் சொல்வதா என்று எனக்குக் கூச்சம். நீங்களோ, "எந்த மாடி மச்சான்?" என்று மட்டும்தான் கேட்டீர்கள்.

அங்கே நடந்தது எதையும் நீங்கள் சொல்லவில்லை, தங்கை சொல்லித்தான் தெரியும். லீவு போட்டுவிட்டுப் போனீர்களாம். ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்களாம். திரும்பி வந்திருக்கலாம். நீங்கள் அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, மத்தியானம் வரைக்கும், பார்க்கிறவர்களையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்களாம். அந்த நேரம் பார்த்து அவர்களுடைய பழைய லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது, உள்ளே மாட்டிக்கொண்டது செடிப் பிரிவுக்குப் பொறுப்பான அம்மா. கம்பெனிக்காரர் வரச் சாயங்காலம் ஆகும் என்றார்கள். நீங்கள் அடையாள அட்டையைக் காட்டி, பையிலிருந்து லிஃப்ட் கதவைத் திறக்கிற சாவியை எடுத்து, அந்த அம்மாவை இறக்கிவிட்டீர்கள். "அவர் அந்த லிஃப்டைத் திட்டிக்கிட்டே சரி பண்ணினாராம் அண்ணா, வீட்ல மிக்சியைத் தொட மாட்டார்" என்று தங்கைக்கு ஒரு சின்ன வருத்தம். அந்த அம்மாவே உங்களை மாடிக்கு அழைத்துப் போய் — படிக்கட்டில்தான், அன்றைக்கு அவர் மறுபடி லிஃப்டில் ஏறவில்லை — மாதிரியை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

பிறகு நீங்கள் அனுப்பிய படங்கள் வந்தன. முதல் சில படங்கள் லிஃப்ட் மோட்டார். அவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அடுத்து ஒரு குரல் செய்தி. நான் வகுப்பில் இருந்தேன், அவசரத்தில் எதையோ அழுத்த, போன் வகுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி பேசியது: "மச்சான், முடி கீழ்ப் பக்கம் பார்த்திருக்கு. ஆனா பூ தொங்கிட்டு இருக்கு. தாளைத் திருப்பிப் பிடிச்சா மேல பார்க்குது. உங்களுக்கு எது வேணும்?" பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். நான் வராந்தாவுக்குப் போய்க் கூப்பிட்டு, மேலும் கீழும் வேண்டாம், காம்பைப் பார்க்கிறதா, இதழைப் பார்க்கிறதா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றேன். நீங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது எனக்கு இங்கே கேட்டது. "இதழைப் பார்க்குது மச்சான். எல்லாமே. ஒண்ணுகூடத் திரும்பல" என்றீர்கள். நான் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டேன். அங்கே இதழ், இங்கே காம்பு. என்னுடையது வேறு செடி. இத்தனை வருஷத்தில் என் கையில் கிடைத்த முதல் புதுச்செடி, அதை எனக்கு உறுதி செய்து கொடுத்தது ஒரு செடிக்குக்கூடத் தண்ணீர் ஊற்றியிராத என் தங்கை புருஷன்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாணவி படம் வரைந்தாள், பிழைப்புக்கு இப்போது காப்பீட்டு அலுவலகத்தில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வரைந்தாள். கட்டுரையை ஒரு தாவரவியல் பத்திரிகைக்கு அனுப்பினோம். ஏற்றுக்கொண்டோம் என்று பத்திரிகை ஆசிரியர் எழுதினார். அதை எடுத்துக்கொண்டு பொறியாளரிடம் போனேன். அவர் அதைப் படிக்கவே இல்லை, "பேர் என்ன சார்?" என்றார். சொன்னேன். சரிவைச் சுற்றிக் கம்பி கட்டி, குழாயை அந்தப் பக்கமாக வளைத்துப் பதித்துவிட்டார்கள்.

அந்தப் பெயர் உங்களுடையது, மாப்பிள்ளை. உங்களிடம் கேட்காமலேயே வைத்துவிட்டேன். இனி உலகத்தில் எவர் அந்தச் செடியைப் பற்றி எழுதினாலும் உங்கள் பெயரை எழுதாமல் எழுத முடியாது. பணக்காரர்கள் கட்டடத்துக்கு வைத்துக்கொள்வார்கள், கட்டடம் இடியும். இது நிற்கும். எனக்கு உங்களுக்குக் கொடுக்க வேறொன்றும் இல்லை. இருப்பதிலேயே பெரியதைக் கொடுத்திருக்கிறேன்.

தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பும் ஆசியும். நீங்கள் தொட்ட லிஃப்ட் எதுவும் நடுவழியில் நிற்காமல் இருக்கட்டும்.

என்றும் கடமைப்பட்ட,
உங்கள் மச்சான்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது பத்திரிகை ஆசிரியரிடமிருந்து தகவல் வந்தது. ஒரே பேரினத்தில், அதாவது ஒரே சொந்தக்காரச் செடிக் கூட்டத்தில், இரண்டு செடிகளுக்கு ஒரே பெயர் கூடாது என்பது விதி. உங்கள் பெயரில் ஏற்கெனவே ஒரு செடி இருக்கிறதாம், ரொம்பப் பழசு. உங்கள் பெயர்க்காரர் இன்னொருவர் இருந்திருக்கிறார், அவருக்கும் ஒரு மச்சான் இருந்திருக்கிறார் போலிருக்கிறது. அது வெளியான பழைய பத்திரிகை எங்கள் நூலகத்தில் இல்லை, அதனால் எனக்குத் தெரியாமல் போனது. ஆகவே மேலே நான் உலகம், கட்டடம் என்று எழுதியதையெல்லாம் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும். வீட்டுக்காரி பெயரை வைக்கலாமா என்று கேட்டேன், "முடி இருக்கிற செடிக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். வேறு ஏதாவது வைத்து அனுப்ப வேண்டும், செடி புதுசு என்பதில் மாற்றமில்லை. ஆனால் பொறியாளர் சரிவில் உங்கள் பெயரைப் பெரிய எழுத்தில் பலகை எழுதி நட்டுவிட்டார். மாற்றச் சொல்லிக் காலையில் போனேன். "பெயின்ட் காஞ்சு போச்சு சார், எழுதினவரும் ஊருக்குப் போயிட்டார்" என்றார். திரும்பும் வழியில் குழாய் வேலைக்காரர் ஒருவர் என்னை நிறுத்தி, உங்கள் பெயரைச் சொல்லி, "அவர் நல்லா இருக்கார் சார், இன்னிக்குப் புதுசா ரெண்டு பூ விட்டிருக்கார்" என்றார்.