புள்ளி குறைந்த பக்கம்

எனக்குத் தெரியாத விஷயங்களில்தான் எனக்கு அபிப்பிராயம் அதிகம். பியானோவைப் பற்றி ஏகப்பட்ட அபிப்பிராயம் வைத்திருந்தேன்.

டாக்குரியாவில் எங்களுக்குக் கீழ்வீட்டில் மிதாலிதி. (வங்க மொழியில் தி என்றால் அக்கா, தா என்றால் அண்ணன்.) அவர் கணவர் தீபங்கர்தா மாலையில் பியானோ வாசிப்பார், மேலே அதைக் கேட்டுக்கொண்டே நான் சப்பாத்தி இடுவேன். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவேயில்லை. மிதாலிதி பெங்களூருக்கு மகனோடு போவதென்று முடிவானது. பியானோவை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார். நினைவுக்கூட்டம் முடிந்த மறுநாள் வந்து எடுத்துப்போவார்கள்.

"போறதுக்கு முன்னாடி, கூட்டத்துல ஒரு தடவை அதை யாராவது வாசிச்சுக் கேக்கணும். நீ வாசிக்கிறியா?" என்றார். (நானும் என் மகளும் கரியாஹாட்டில் ஒரே வகுப்பில் பியானோ கற்றுக்கொண்டிருந்தோம். அவள் என்னைத் தாண்டிப் போய் வெகுநாளாயிற்று.)

தீபங்கர்தா வாசித்த இரண்டு தாள்களை மிதாலிதி எடுத்து வைத்தார். ஒன்று நடனத் துணுக்கு. எறும்புப் புற்றைக் கலைத்த மாதிரி பக்கமெங்கும் கறுப்புப் புள்ளிகள். அதில் பாதி எனக்கு வகுப்பிலேயே பழக்கம். இன்னொன்று மெதுவான பாட்டு. வெள்ளை வெளேரென்ற பக்கத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வட்டங்கள், அவ்வளவுதான்.

நானோ சிறுவயதில் பாட்டு கற்றவள். (சரளி வரிசை மூன்றாம் காலத்தில் மூச்சு வாங்கி நின்றது, அத்தோடு சரி.) முதல் காலம் குழந்தைக்கு, மூன்றாம் காலம் வித்வானுக்கு என்பது எனக்குள் ஊறிப்போன பாடம். மெதுவாக இருந்தால் சுலபம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"இது ரொம்ப ஈஸி மிதாலிதி. கண்ணை மூடிட்டு வாசிப்பேன்."

அவர் முகம் மலர்ந்தது. "அவருக்குப் பிடிச்சதும் இதுதான். பார்பே தோ?" முடியுமில்லையா என்று கேட்கிறார். நான் சிரித்தேன், மடச்சி.

மகள் தாளைப் பார்த்தாள். "அம்மா, இதுல தப்பு பண்ணா ஒளிஞ்சுக்க எடமே இல்ல. டான்ஸ் பீஸையே எடுத்துக்கோ." இந்த வயதில் இவ்வளவு வாயா என்று நினைத்தேன். வீட்டுக் கீபோர்டில் நாலு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத் தூங்கப் போனேன்.

கூட்டத்தன்று தீபங்கர்தாவின் படத்துக்கு ரஜனிகந்தா (நம்ம சம்பங்கி) மாலை போட்டிருந்தார்கள். மிதாலிதி முன்வரிசையில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் முதல் சுரம் கதவை அறைந்த மாதிரி விழுந்தது. பயந்துபோய் அடுத்ததை மெல்ல அழுத்தினேன், சத்தமே வரவில்லை. கீபோர்டு எப்படி அழுத்தினாலும் பேசும், இது பேசாது என்பது அப்போதுதான் தெரிந்தது. பிறகு ஒரு வட்டம், அதாவது நீண்ட சுரம். காத்திருக்க வேண்டும். காத்திருந்தேன். மின்விசிறிச் சத்தம் கேட்டது, யாரோ இருமினார்கள், என் வளையல் கிணுகிணுத்தது. அடுத்தது எந்தக் கட்டை என்பது சுத்தமாக மறந்துபோனது. ஏதோ ஒன்றை அழுத்தினேன். அந்தத் தப்பு, மூடி மறைக்க ஒரு துணைச் சுரம்கூட இல்லாமல், அறை முழுக்க நின்று ஒலித்தது.

மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே இடம். முடிந்துவிட்டது என்று நினைத்து ஒருவர் கைதட்டினார், நினைவுக்கூட்டத்தில்! மிதாலிதி கோத்த கையைப் பிரித்து முகத்தை மூடிக்கொண்டார்.

அப்போது தீபங்கர்தாவின் அண்ணன் எழுந்து, "சா எஷே கேச்சே!" என்று அறிவித்தார். டீ வந்துவிட்டதாம். அடுப்பில் தண்ணீர்கூட வைக்கவில்லை. ஆனால் கூட்டம் மொத்தமும் தப்பித்தோம் பிழைத்தோம் என்று எழுந்துவிட்டது.

பியானோவின் மூடியை மிதாலிதி தானே சாத்தினார். மறுநாள் அது போனது. அந்த வாரமே அவரும் பெங்களூருக்குப் போனார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் பாட வாயெடுத்தாலும் சரி, சண்டைக்கு நின்றாலும் சரி, என் கணவர் உடனே "சா எஷே கேச்சே!" என்பார். மகள் உருண்டு புரண்டு சிரிப்பாள். நானும் சிரிப்பேன், அழுகையாக வந்தாலும்.

போன துர்கா பூஜைக்கு மிதாலிதியைப் போனில் அழைத்தேன். மகன், பேரன், முழங்கால் வலி எல்லாம் பேசினோம். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "மிதாலிதி, அன்னைக்கு நான் வாசிச்சது..." என்று ஆரம்பித்தேன்.

"சா எஷே கேச்சே," என்று சொல்லி, அவர் போனை வைத்துவிட்டார்.